காட்டு ஸ்ட்ரோபெரி: திருகோணமலை வாசகர்களின் வினாக்களும் விடைகளும்

சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா சென்று திரும்பிய திருகோணமலை வாசகர்கள் சிலர் ஸ்ட்ரோபெரியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் வினாக்களாக இருப்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வினா: நுவரெலியாவில் நாங்கள் தங்கிய விடுதியின் பின்புறச் சரிவில், தரையோடு படர்ந்த ஒரு செடியில் சுண்டுவிரல் நுனியளவான சிவந்த பழங்களைக் கண்டோம். காட்டு ஸ்ட்ரோபெரி என்று விடுதிப் பணியாளர் சொன்னார். பிள்ளைகள் ஆசையோடு பறித்து உண்டார்கள். இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. அதன் பூ மஞ்சள் நிறம். இந்தச் செடியைத்தான் பண்படுத்திப் பெட்டிகளில் விற்கும் பெரிய ஸ்ட்ரோபெரியாக மாற்றினார்களா?
ஆசிரியை ஒருவர், உவர்மலை

விடை: பூவின் நிறத்தையும் குறித்து அனுப்பியது நல்லதாயிற்று; பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஸ்ட்ரோபெரிச் சாதித் தாவரங்கள் காட்டில் வளர்ந்தாலும் தோட்டத்தில் வளர்ந்தாலும் இயல்பில் வெள்ளைப் பூப் பூப்பவை. நீங்கள் கண்டது பொட்டன்டில்லா இண்டிக்கா என்னும் வேறொரு தாவரம். அதே ரோசாக் குடும்பத்தில் பிறந்தது, மூன்று சிற்றிலைகளும் தரையில் ஓடி வேர்விடும் படர்தண்டுகளும் ஸ்ட்ரோபெரியை அப்படியே ஒத்திருப்பது, ஆனால் ஸ்ட்ரோபெரி அல்லாதது. ஆகவே போலி ஸ்ட்ரோபெரி என்றே அதை அழைக்கிறார்கள். அடுத்த முறை கண்டால் பழத்தைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஐந்து புல்லிகளுக்கு வெளியே, அவற்றைவிட அகலமாகவும் நுனியில் மூன்று பற்கள் வெட்டியதாகவும் ஐந்து பச்சைச் செதில்கள் விரிந்திருக்கும். பழம் தலை கவிழ்ந்து தொங்காமல் மேல்நோக்கி நிற்கும். அதன் மேற்பரப்பில் சிவந்த சிறு மணிகள் புடைத்துக்கொண்டிருக்க, உள்ளே சாரமற்ற வெண்சதைதான் இருக்கும். அதில் நஞ்சு இல்லை என்பதால், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்களே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

உண்மையான காட்டு ஸ்ட்ரோபெரி என்று உலகில் பெரும்பாலோர் சொல்வது பிரகேரியா வெஸ்கா என்னும் இனத்தை. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் காட்டோரங்களிலும் வெயில் விழும் சரிவுகளிலும் அது தானாக வளர்கிறது. பழம் ஒரு சென்ரிமீற்றர் அளவு, நிறை ஏறத்தாழ ஒரு கிராம். இலை மெல்லியது, நரம்புகள் ஆழப் பதிந்து மடிப்பு மடிப்பாகத் தெரியும். பழுத்தபின் புல்லிகள் பழத்தை விட்டுப் பின்னோக்கி வளைந்துவிடுவதால், இரண்டு விரலால் இழுத்தவுடன் பழம் மட்டும் கையோடு வந்துவிடும், புல்லிகள் செடியிலேயே தங்கிவிடும். கடைப் பழத்தில் இது நடப்பதில்லை. அதன் பச்சைக் குல்லாயைக் கத்தியால்தான் வெட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் வினாவின் பின்பாதிக்கு வருகிறேன். கடைகளில் விற்கும் பெரிய பழம் இந்த மஞ்சள் பூச் செடியிலிருந்தும் வரவில்லை, ஐரோப்பியக் காட்டுச் செடியிலிருந்தும் வரவில்லை. காட்டுச் செடிக்கு நூற்றாண்டுக் கணக்கில் நீரும் உரமும் இட்டு, பெரிய பழத்தைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததன் விளைவே தோட்ட ஸ்ட்ரோபெரி என்ற எண்ணம் படித்தவர்களிடையேகூட ஊறிப்போயிருக்கிறது. ஐரோப்பியர் காட்டுச் செடியைத் தோட்டத்துக்குக் கொண்டுவராமல் இல்லை. பிரான்சின் ஐந்தாம் சார்ள்ஸ் மன்னன் காலத்தில், 1368இல், பாரிஸ் லூவர் அரண்மனைத் தோட்டத்தில் 1200 செடிகள் நடப்பட்டதாகப் பதிவு உண்டு. ஆனால் அந்த இனத்தைத் தோட்டத்தில் வைத்துப் பராமரித்தால் பழங்களின் எண்ணிக்கை கூடுமேயன்றிப் பழம் பருப்பதில்லை.

பெரிய பழத்தின் கதை அமெரிக்கக் கண்டத்தில் தொடங்குகிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய வேர்ஜினியா ஸ்ட்ரோபெரி 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்திருந்தது. சிறு பழம், ஆனால் நல்ல நிறமும் மணமும் உடையது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் ஸ்பானியர் கால் வைப்பதற்கு முன்பே மாப்புச்சே மக்கள் வேறோர் இனத்தைப் பயிரிட்டு வந்தார்கள். அதன் பழம் பெரியது. அமெடே பிரான்சுவா பிரேசியே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், ஸ்பானியரின் கோட்டைகளை வேவு பார்க்க அனுப்பப்பட்டவர், அந்தச் செடிகள் சிலவற்றை 1714இல் கப்பலேற்றிக் கொண்டு வந்தார். குடிநீருக்கே தட்டுப்பாடு நிலவிய ஆறு மாதப் பயணத்தின் முடிவில் ஐந்து செடிகள் உயிரோடு எஞ்சின. அவை பூத்தன, காய்க்கவில்லை. சிலி இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெரிய பழம் தாங்கிய செடிகளாகப் பார்த்துப் பிடுங்கியதால் எல்லாம் பெண் செடிகளாகவே அமைந்துவிட்டன. பின்னர் பிரான்சின் பிரித்தானி கரையோரத்தில் வேர்ஜினியா ஸ்ட்ரோபெரியை அவற்றின் அருகில் நட்டபோதுதான் மகரந்தம் கிடைத்துப் பழம் பிடித்தது. அந்த இரண்டு அமெரிக்க இனங்களும் கலந்து, ஐரோப்பிய மண்ணில் மனிதர் திட்டமிடாமலே பிறந்த பிள்ளைதான் இன்று உலகெங்கும் பயிராகும் பிரகேரியா அனனாசா. அதன் பெற்றோர் யார் என்பதை 1766இல் நூலாக எழுதி விளக்கியவர் அன்ரோயின் நிக்கலா டியூசேன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. நீங்கள் நுவரெலியாவில் கண்ட போலி ஸ்ட்ரோபெரியின் பழைய தாவரவியற் பெயர் டியூசேனியா என்று அவர் நினைவாகவே இடப்பட்டிருந்தது என்பது ஒரு வேடிக்கை.

க.பொ.த. உயர்தர வகுப்புக்குக் கற்பிப்பவராயின் இதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். ஐரோப்பியக் காட்டு இனத்தின் உடற்கலம் ஒன்றில் 14 நிறமூர்த்தங்கள் உள்ளன, அதாவது ஏழு ஏழாக இரண்டு தொகுதிகள். அமெரிக்க இனங்கள் இரண்டிலும், அவற்றின் வழிவந்த தோட்ட ஸ்ட்ரோபெரியிலும் 56, அதாவது எட்டுத் தொகுதிகள். இந்த வேறுபாட்டினால் காட்டுச் செடியையும் தோட்டச் செடியையும் ஒரே பாத்தியில் நட்டாலும் வளமான சந்ததி இலகுவில் உண்டாவதில்லை. எனினும் 2011இல் காட்டு இனத்தின் மரபணுத்தொகுதியும் 2019இல் தோட்ட இனத்தினுடையதும் வெளியானபின், அந்த எட்டுத் தொகுதிகளில் வெஸ்காவின் வழிவந்த பங்கும் இருப்பது தெளிவாகியிருக்கிறது. தோட்டக்காரன் பிறப்பதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இயற்கையில் நடந்த கலப்பு அது. ஆகவே காட்டு ஸ்ட்ரோபெரியைக் கடைப் பழத்தின் தாய் என்பது தவறு. மிகத் தூரத்து மூதாதையருள் ஒன்று எனலாம்.

வினா: என் மகள் நோர்வேயில் இருக்கிறாள். யூலை மாதத்தில் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் பறிக்கும் சின்னஞ்சிறு ஸ்ட்ரோபெரி ஒரு கைப்பிடி இருந்தாலே அறை முழுவதும் மணக்கிறது என்றும், கடைப் பழத்தில் ஒரு பெட்டி வாங்கினாலும் அந்த மணம் இல்லை என்றும் சொல்கிறாள். இது உண்மையா, வெளிநாட்டுப் பெருமையா?
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பாலையூற்று

விடை: மகள் மிகைப்படுத்தவில்லை. ஸ்ட்ரோபெரியின் மணம் ஒரே பொருளால் ஆவதன்று, நூற்றுக்கணக்கான ஆவிப் பொருட்கள் சேர்ந்த கலவை. கருக்கிய சீனியை நினைவூட்டும் பியூரனியோல், பழவாசனை தரும் எஸ்தர்கள் ஆகியவை காட்டிலும் கடையிலும் பொதுவானவை. காட்டுப் பழத்தைத் தனித்து நிறுத்துவதில் பெரும்பங்கு மெதைல் அந்திரனிலேற்று என்னும் பொருளுக்கு உரியது. மல்லிகைப் பூவிலும் தோடம்பூவிலும் இருக்கும் அதே பொருள்தான். ஆகவே காட்டு ஸ்ட்ரோபெரி பூவாக மணக்கிறது என்று யாராவது சொன்னால் அது வெறும் வருணனை அன்று. இன்று பயிராகும் தோட்ட வகைகளுள் மிகப் பலவற்றில் இப்பொருள் அறவே இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. தோட்டப் பழமே ஆயினும் இந்தக் காட்டு மணத்தை மீட்டுத் தர வேண்டும் என்று பிரான்சில் உருவாக்கப்பட்டு 1991இல் வெளிவந்த மாரா டி புவா என்னும் வகை, அந்த நாட்டுச் சந்தைகளில் இன்றும் கூடிய விலைக்குப் போகிறது.

மணம் எப்படித் தொலைந்தது என்பதற்கு ஒருவர் மீது மட்டும் பழி போட முடியாது. பழம் பெருக்க வேண்டும், கப்பலிலும் லொறியிலும் நசியாமல் போக வேண்டும், ஒரு வாரம் கடையில் சிவப்பாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தவர்கள் மூக்கைக் கணக்கில் எடுக்கவில்லை. இதற்கு மேல், ஸ்ட்ரோபெரி பறித்தபின் பழுப்பதில்லை. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் காயாகப் பிடுங்கி வைக்கோலில் பழுக்க வைக்கலாம். ஸ்ட்ரோபெரியைத் தோள் வெளுத்திருக்கும் பருவத்தில் பறித்தால், பெட்டிக்குள் நிறம் சற்றுக் கூடுமேயன்றி இனிப்புக் கூடாது. தொலைதூரத்துக்கு அனுப்பும் தோட்டக்காரருக்கு அப்படிப் பறிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நுவரெலியாத் தோட்டத்தில் பாத்தியோரம் நின்று உண்ட பழத்துக்கும் திருகோணமலை வந்து சேரும் பழத்துக்கும் நீங்களே வித்தியாசம் கண்டிருப்பீர்கள்.

காட்டுப் பழத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சந்தைக்குக் கொண்டுபோவது மிகக் கடினம்; காலையில் பறித்தால் மாலைக்குள் சாறு விடும். நோர்வேயிலும் சுவீடனிலும் பிள்ளைகள் அதை நீண்ட புல்தாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வீட்டுக்குக் கொண்டு வருவார்கள், மகளிடம் கேட்டால் அவர் பிள்ளைகளும் கோப்பதாகச் சொல்லக்கூடும். கிராமுக்கு ஒன்று வீதம் குனிந்து பறிக்க வேண்டிய பழத்தில் ஜாம் காய்ச்சப் புறப்படுவோருக்கு என் அனுதாபங்கள். ஜாமுக்கும் பால் கலந்த பானத்துக்கும் கடைப் பழமே போதும் என்பது என் கருத்து. காட்டுப் பழம் அப்படியே வாயில் போடுவதற்கு.

வினா: ஸ்ட்ரோபெரியின் விதைகள் ஏன் வெளியே இருக்கின்றன? காட்டுப் பழத்திலும் அப்படித்தானா?
தரம் 10 மாணவன், மூதூர்

விடை: வெளியே தெரியும் மணிகள் விதைகள் அல்ல, தம்பி. ஒவ்வொரு மணியும் உள்ளே ஒரு விதையைக் கொண்ட ஒரு முழுப் பழம். சிவந்த சதைப் பகுதி, பூவின் பாகங்களைத் தாங்கி நின்ற அடித்தளம் பருத்ததால் உண்டானது. மரமுந்திரிகையை எடுத்துப் பாருங்கள்: மஞ்சளும் சிவப்புமாகப் பருத்துச் சாறு நிறைந்திருப்பது பூக்காம்பு, அதன் நுனியில் தொங்கும் கொட்டைதான் பழம். ஸ்ட்ரோபெரியில் அந்தக் கொட்டைக்குப் பதிலாகச் சிறு மணிகள் மேற்பரப்பெங்கும் பதிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மணிகள் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. ஒட்சின் என்னும் வளர்ச்சி ஓமோனைச் சுரந்து, தத்தம் கீழுள்ள சதையைப் பெருக்கச் செய்பவை அவையே. 1950இல் ஜே. பி. நிட்ச் என்னும் ஆய்வாளர் இளம் காய்களிலிருந்து மணிகளை அகற்றிக் காட்டினார். அகற்றிய இடத்தில் வளர்ச்சி நின்றது, ஒட்சின் பூசியபோது மீண்டும் வளர்ந்தது. ஒரு பக்கம் சூம்பிய ஸ்ட்ரோபெரியைக் கண்டால், அந்தப் பக்கத்து மணிகளுக்கு மகரந்தம் சேரவில்லை என்று கொள்ளலாம். பெரிய தோட்டப் பழத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மணிகள் இருக்கக்கூடும். காட்டுப் பழத்தில் அடித்தளமும் சிறிது, மணிகளும் குறைவு. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஐரோப்பியக் காட்டுப் பழத்தில் மணிகள் தோலின் மேல் எழுந்து நிற்கும், நாக்கில் தட்டுப்படும். வேர்ஜினியா இனத்தில் ஒவ்வொரு மணியும் ஒரு சிறு குழிக்குள் அமிழ்ந்திருக்கும்.

வினா: வெள்ளை ஸ்ட்ரோபெரி என்று இணையத்தில் காட்டுகிறார்களே, அதுதான் காட்டு வகையா?
வாசகர், கிண்ணியா

விடை: அல்ல. பைன்பெரி என்ற பெயரில் ஐரோப்பியக் கடைகளில் விற்பது, சிவந்த மணிகள் பதிந்த வெள்ளைப் பழம், தோட்டத்தில் உருவாக்கப்பட்ட வகைதான். ஆனால் காட்டு இனங்களிலும் வெள்ளைப் பழம் உண்டு: ஐரோப்பிய இனத்தில் சிவப்பு நிறப்பொருளை உண்டாக்க இயலாத செடிகள் இருக்கின்றன, சிலியில் மாப்புச்சே மக்கள் வளர்த்த பழமும் பெரும்பாலும் வெள்ளையே. நமக்கு அண்மையில் நீலகிரியின் பெயரையே தாங்கிய பிரகேரியா நில்ஜெரென்சிஸ் என்னும் இனமும் இருக்கிறது. நீலகிரியிலும் கிழக்கு இமயத்திலும் தென்மேற்குச் சீனாவிலும் வளரும் அதன் பழம் வெளிறிய நிறம் கொண்டது.

வினா: ஸ்ட்ரோபெரியின் பெற்றோருள் ஒன்று கடற்கரை மணலில் வளரும் செடி என்று வாசித்தேன். அப்படியானால் எங்கள் நிலாவெளி மணலில் அது வளராதா? நுவரெலியாவில் வாங்கி வந்த கன்று இரண்டு ஆண்டாக ஓடியோடிப் படர்கிறது, பூக்கவே இல்லை. காட்டு வகையின் விதை கிடைத்தால் அது வெப்பத்தைத் தாங்குமா?
வீட்டுத்தோட்டக்காரர், நிலாவெளி

விடை: வாசித்தது சரி. சிலி ஸ்ட்ரோபெரி அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரையிலும், பின்பு சிலியிலும், பசுபிக் கடலை நோக்கிய மணல்மேடுகளில் வளர்கிறது. உப்புக்காற்றை எதிர்க்கத் தடித்த, பளபளக்கும் இலைகள் அதற்குண்டு. ஆனால் அந்தக் கரைகளைத் தழுவுவது குளிர்ந்த நீரோட்டம். கோடையிலும் போர்வை தேடவைக்கும் கடற்காற்று அங்கே வீசுகிறது. இதே இனம் வெப்பவலயத்து ஹவாய் தீவுகளிலும் இயற்கையாக இருக்கிறது. அங்கே கடற்கரையில் தேடினால் கிடைக்காது, 1000 மீற்றருக்கு மேல் எரிமலைச் சரிவுகளில் ஏறிப் பார்க்க வேண்டும். அந்தச் செடி மணலைப் பொறுத்துக்கொள்கிறதே தவிர வெப்பத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதனால்தான் ஸ்ட்ரோபெரி அங்கே காய்க்கிறது.

உங்கள் கன்று ஏன் படர்கிறது, பூக்கவில்லை என்பதற்கும் விடை இதுவே. பொதுவான தோட்ட வகைகள் பூமொட்டு வைப்பதற்குக் குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் வேண்டும். திருகோணமலையில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருப்பதால் பகல் நீளத்தில் குறையில்லை, குறை வெப்பத்தில்தான். வெப்பநிலை 26, 28 பாகை செல்சியஸைத் தாண்டினால், பகல் குறுகியிருந்தாலும் மொட்டு வைப்பது தடைப்படும். மாரி காலத்திலும், தை மாத இரவிலும்கூட, நிலாவெளியின் வெப்பநிலை சராசரியாக 24 பாகையளவில் நிற்கிறது. வெப்பத்தில் செடி தன் பலத்தை எல்லாம் ஓடிகள் என்னும் படர்தண்டுகளுக்கே செலவிடுகிறது, இலை பார்க்கச் செழிப்பாக இருக்கிறது, நீங்களும் நம்பிக்கையோடு நீர் ஊற்றுகிறீர்கள். ஸ்ட்ரோபெரி உப்பை மிகக் குறைவாகவே தாங்கும் பயிர் என்பதையும் நினைவிற் கொள்க. கரையோரக் கிணற்று நீர் சவர் தட்டினால் முதலில் இலை விளிம்பு கருகிக் காட்டிக்கொடுக்கும்.

காட்டு வகை இதைவிடத் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விதைப் பொதிகளில் அல்பைன் ஸ்ட்ரோபெரி என்று விற்பது அதே ஐரோப்பியக் காட்டு இனத்தின் ஒரு வடிவம். பெரும்பாலும் படர்தண்டு விடாது, நாள் நீளத்தைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து பூக்கும். அந்த வகையில் தோட்டச் செடியைவிட அதற்கு வாய்ப்புச் சற்று அதிகம். எனினும் அதுவும் குளிர்நாட்டுச் செடிதான். வைகாசியில் கச்சான் காற்று எழும்பினால் மெல்லிய இலை இரண்டு நாளில் காய்ந்துவிடும். ஆசை விடவில்லையாயின் ஐப்பசியில் தொடங்குங்கள். விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஈரத்தாளுக்குள் மூன்று நான்கு வாரம் வைத்து, பின் நன்கு வடியும் மண்ணின் மேல் தூவி விடுங்கள். முளைப்பதற்கு ஒளி வேண்டுமாதலால் மண்ணால் மூடக் கூடாது. கன்றைச் சட்டிக்கு மாற்றும்போது இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், புதைந்தால் மாரி மழையில் அழுகும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் திண்ணையில், மழை நீரோ நல்ல குடிநீரோ ஊற்றி வளர்த்தால், தை மாசியில் ஒரு சில பழம் கிடைக்கலாம். சட்டிக்கு வலை கட்ட மறக்க வேண்டாம், அணில் நம்மைவிட முந்திக்கொள்ளும்.